மூர்ச்சை என்னும் கும்பகம்

மூச்சை அடக்கினால் உடலுக்கு என்ன நேர்கிறது என்பதை விவரிக்கும் மிகப் பழைய பதிவுகளுள் ஒன்று, அதைச் செய்து பார்த்துக் கைவிட்ட ஒருவரின் வாய்மொழியாக அமைந்திருக்கிறது. பாலி மொழியில் உள்ள மஜ்ஜிம நிகாயத்தின் மகாசச்சக சுத்தத்தில், ஞானம் அடைவதற்கு முன் தாம் மேற்கொண்ட கடுந்தவங்களைப் புத்தர் சச்சகன் என்னும் வாதியிடம் எடுத்துரைக்கிறார். உணவை ஒடுக்கிய பகுதியைப் பலரும் அறிவர். லாகூர் அருங்காட்சியகத்தில் எலும்பும் நரம்புமாக அமர்ந்திருக்கும் காந்தாரச் சிற்பம் அதனை உலகறியச் செய்துவிட்டது. அதற்குச் சற்று முன்னால் வரும் பகுதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அங்கே அவர் செய்வது மூச்சற்ற தியானம்.

வாயையும் மூக்கையும் அடைத்து மூச்சை நிறுத்துகிறார். காதுகளின் வழியே கொல்லன் துருத்தியின் இரைச்சல்போல் காற்று வெளியேறுகிறது. காதையும் அடைக்கிறார். தலையை வாரால் இறுக்கிக் கட்டியதுபோல் வலி. பிறகு கசாப்புக்காரன் கத்தி வயிற்றைக் கிழிப்பதுபோல் வேதனை. பிறகு தணற்குழியின்மேல் பிடித்து வாட்டியதுபோல் உடலெங்கும் எரிச்சல். அந்நிலையில் அவரைக் கண்ட தேவர்கள் மூன்று விதமாகப் பேசிக்கொண்டார்களாம். இவர் இறந்துவிட்டார் என்றனர் சிலர். இல்லை, இறந்துகொண்டிருக்கிறார் என்றனர் வேறு சிலர். இரண்டும் இல்லை, இவர் முற்றும் விடுபட்டவர், விடுபட்டவர் இப்படித்தான் இருப்பார் என்றனர் மற்றும் சிலர். புத்தர் இந்த வழி எங்கும் கொண்டுசெல்லவில்லை என்று கண்டு அதை விட்டு விலகுகிறார்.

கும்பகத்தின் வரலாற்றை எந்த நூற்றாண்டில் திறந்தாலும் இந்த மூன்று கூட்டத்தாரும் நம்மை எதிர்கொள்கின்றனர். மூச்சை நிறுத்தி நினைவிழந்து கிடப்பவனைப் பார்த்து, இது சாவா, சாவின் விளிம்பா, சமாதியா என்று கேட்கிறார்கள். மூச்சடக்கப் பயிற்சியின் ஆபத்தைப் பற்றி இன்று நாம் பேசும்போது பழைய நூல்கள் அதை அறியாதவை என்பதுபோலவும், விஞ்ஞானம் வந்தே எச்சரித்தது என்பதுபோலவும் ஒரு தொனி கேட்கிறது. எதிர்ப்புறத்தில், நூல்கள் சொன்னவை யாவும் தீங்கற்றவை என்னும் பக்தித் தொனியும் கேட்கிறது. இரண்டுமே நூல்களைப் படிக்காமல் பேசுவன என்றே எனக்குத் தோன்றுகிறது.

பதஞ்சலி இதில் மிகவும் சிக்கனமானவர். பொது ஆண்டு 400ஐ ஒட்டியதாகக் கருதப்படும் யோக சூத்திரத்தில், ஆசனம் நிலைபெற்ற பிறகு உள்மூச்சு, வெளிமூச்சு ஆகியவற்றின் ஓட்டம் அறுபடுவதே பிராணாயாமம் என்று இலக்கணம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். எத்தனை நேரம், எப்படி, என்ன ஆபத்து என்பதெல்லாம் அவருடைய அக்கறை அல்ல. ஆயினும் ‘ஆசனம் நிலைபெற்ற பிறகு’ என்ற நிபந்தனையைக் கவனிக்க வேண்டும். அதற்கு ஒரு மிக எளிய பயன் உண்டு. அதைப் பின்னர் பார்க்கலாம்.

எண்கள் தமிழிலும் உண்டு. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் திருமூலர் பூரகத்துக்குப் பதினாறும், கும்பகத்துக்கு அறுபத்து நான்கும், ரேசகத்துக்கு முப்பத்திரண்டும் மாத்திரையாகக் கணக்குச் சொல்கிறார். வடமொழியில் 18ஆம் நூற்றாண்டை ஒட்டிய கேரண்ட சம்ஹிதையிலும் இதே கணக்குத்தான். ஒன்றுக்கு நான்கு, ஒன்றுக்கு இரண்டு என்னும் விகிதம் அவ்வளவு பரவலாக ஊன்றிவிட்டது. ஆனால் மாத்திரை என்பது எவ்வளவு நேரம்? தமிழ் இலக்கணம் பயின்றவர்க்கு இதில் மயக்கம் இல்லை. கண் இமைக்கும் நேரம் அல்லது விரல் நொடிக்கும் நேரம் என்று தொல்காப்பியம் வரையறுத்துவிட்டது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. அந்த அளவில் அறுபத்து நான்கு மாத்திரை அரை நிமிடத்தைத் தாண்டாது. யோக நூல்களிலோ ஒன்றுக்கொன்று முரணான அளவுகள் உள்ளன. இமைப்பொழுது என்பன சில. முழங்காலைக் கையால் ஒரு முறை சுற்றி வந்து விரலைச் சொடுக்கும் நேரம் என்பன வேறு சில. கடிகாரம் இல்லாத காலத்து அளவை அது. செய்பவனின் உடலே அதன் அளவுகோல். மூச்சு முட்டுகிறவனின் விரல் தானாகவே விரைந்து சொடுக்கும். மாத்திரையை விநாடி என்று கொண்டு சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து அமர்பவனுக்கு ஒரு சுற்று 112 விநாடி ஆகிவிடுகிறது. அதில் 64 விநாடி மூச்சின்றி இருக்க வேண்டும். திருமூலர் கேட்டது இதுதான் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. பழைய எண்ணைப் புதிய அலகில் படித்ததால் விளைந்த துன்பம் எவ்வளவோ!

11ஆம் நூற்றாண்டின் அமிர்தசித்தியிலிருந்து ஹடயோகத்தின் தனி வரலாறு தொடங்குகிறது எனலாம். பௌத்த வஜ்ரயானச் சூழலில் தோன்றிய நூல் அது. புத்தர் கைவிட்ட மூச்சடக்கம் பௌத்தக் கிளை ஒன்றின் வழியாகவே புது வடிவில் திரும்பி வந்தது என்பதை என்னவென்று சொல்வது! அதன்பின் 13ஆம் நூற்றாண்டின் தத்தாத்ரேய யோக சாஸ்திரம். கும்பகத்தை அது இரண்டாகப் பிரிக்கிறது. உள்மூச்சோடும் வெளிமூச்சோடும் சேர்த்து முயன்று செய்வது சகிதம். முயற்சியின்றித் தானே வாய்ப்பது கேவலம். முதலாவது, இரண்டாவது வரும்வரை மட்டுமே. இந்தப் பிரிவினையை மறந்தால் எண்களை வளர்ப்பதே யோகம் என்று ஆகிவிடும். பயிற்சியின்போது முதலில் வியர்வை, பிறகு நடுக்கம், பிறகு தவளைபோல் துள்ளல் ஆகியவை தோன்றும் என்றும் அந்நூல் சொல்கிறது. அந்த நடுக்கத்தை நினைவில் வைத்துக்கொள்வோம்.

15ஆம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் தொகுத்த ஹடயோகப் பிரதீபிகை எட்டுக் கும்பகங்களைப் பட்டியலிடுகிறது. சூரியபேதனம், உஜ்ஜாயி, சீத்காரி, சீதளி, பஸ்திரிகை, பிரமரி, மூர்ச்சை, பிலாவினி. ஏழாவதன் பெயரே மூர்ச்சை! உள்மூச்சின் முடிவில் மோவாயை மார்பில் அழுத்தி ஜாலந்தர பந்தத்தை இறுக்கிக்கொண்டு மெல்ல மூச்சை விடுவது. அது மனத்தை மூர்ச்சிக்கச் செய்து இன்பம் தருவது என்பது விளக்கம். இதை அப்படியே மயக்கம் என்று படிப்பது எளிது. ஆனால் சொல்லுக்கு வேறொரு வாழ்க்கையும் உண்டு. ரசவாதத்தில் பாதரசத்தின் ஓட்டத்தையும் ஆவியாகும் தன்மையையும் அடக்கி இறுகச் செய்வதற்குப் பெயர் மூர்ச்சனை. இதே பிரதீபிகை நான்காம் பகுதியில் பாதரசத்தையும் மூச்சையும் ஒப்பிட்டு, இரண்டுமே மூர்ச்சித்தால் நோய் தீர்க்கும் என்கிறது. ரசம் கட்டுவதைப் பற்றி ஓயாது பேசும் நம் சித்தர் பாடல்களின் உலகமும் இதுவே. எனவே சுவாத்மாராமர் கருதியது ஓடும் மனம் இறுகி நிற்பதை. உடல் சரிந்து விழுவதை அன்று என்பதே என் எண்ணம். ஆனால் பெயர் பெயராகவே நின்றது. பின்வந்தவர்களுள் பலர் அதை அகராதிப் பொருளில் எடுத்துக்கொண்டனர்.

அதே நூல் எச்சரிப்பதிலும் குறை வைக்கவில்லை. சிங்கத்தையும் யானையையும் புலியையும் சிறிது சிறிதாகப் பழக்குவதுபோல மூச்சைப் பழக்க வேண்டும், தவறினால் அது பழக்குபவனையே கொன்றுவிடும் என்கிறது. முறை பிறழ்ந்தால் விக்கல், இரைப்பு, இருமல், தலைநோவு, காதுவலி, கண்வலி ஆகியன வரும் என்று அடுக்குகிறது. தலையும் காதும் இங்கே வருவதைப் பார்த்தால் மகாசச்சக சுத்தத்தின் வேதனைகள் நினைவுக்கு வராமல் போகா. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு இடைவெளியில், முற்றிலும் வேறான இரு மரபுகளில், ஒரே உடல் ஒரே சாட்சியம் சொல்கிறது.

19ஆம் நூற்றாண்டில் காட்சி மீண்டும் லாகூருக்கு மாறுகிறது. 1837இல் ரஞ்சித் சிங்கின் அவையில் ஹரிதாஸ் என்னும் சாது நாற்பது நாள் புதையுண்டு கிடந்து உயிரோடு மீண்டதாகப் பிரிட்டிஷ் அதிகாரி கிளாட் வேட் எழுதிவைத்தார். ஹிப்னாடிசம் என்ற சொல்லைப் பரப்பிய ஜேம்ஸ் பிரெய்டு 1850இல் இத்தகைய செய்திகளைத் தொகுத்து, இதனை மனிதக் குளிர்கால உறக்கம் என்று விளக்க முயன்றார். ஏறத்தாழ அதே காலத்தில் வங்காள மருத்துவர் என்.சி. பால், வெளிமூச்சில் உள்ள கரியமில வாயுவின் அளவையும் குளிர்கால உறக்கம் கொள்ளும் விலங்குகளையும் கொண்டு யோகத்தை விளக்கும் நூலொன்றை எழுதினார். புதைகுழிக் கதைகளில் எவ்வளவு உண்மை, எவ்வளவு வேடிக்கை என்பதில் எனக்கு ஆர்வம் இல்லை. கரியமில வாயு என்ற சொல் யோக விவாதத்தில் நுழைந்துவிட்டது, அதுவே முக்கியம்.

இதற்கிடையில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில், இந்தியாவுக்கும் யோகத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லாமல், ஒருவர் தற்செயலாகக் கும்பகம் செய்துகொண்டிருந்தார். உடற்கூறியலாளர் எடுவார்ட் வேபர். மூச்சை உள்ளே அடைத்து மார்பை இறுக்கினால் நாடியும் இதய ஒலியும் மறைகின்றன என்று அவர் கண்டறிந்து, 1850ஐ ஒட்டி வெளியிட்டார். ஒரு முறை சற்று அதிகமாகச் செய்து நினைவிழந்தார். அப்போது முகத்தசைகள் துடித்தன என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். காரணம் எளிது. இதயத்துக்கு இரத்தம் திரும்பி வரும் பெரிய சிரைகள் மார்புக்கூட்டின் வழியே செல்கின்றன. குரல்வளையை மூடிக்கொண்டு மார்பை அழுத்தினால் அந்தச் சிரைகள் நசுங்குகின்றன. இதயத்துக்கு வருவது குறைந்தால் அது மூளைக்கு அனுப்புவதும் குறைகிறது. காதின் கட்டமைப்பை ஆராய்ந்த இத்தாலியரான வால்சால்வா 1704இல் விவரித்த மூச்சு அழுத்த முறையின் பெயராலேயே இது இன்று வழங்குகிறது.

இந்தச் செய்தி யோகத்தோடு வந்து சேர மேலும் நூறாண்டு ஆயிற்று. 1935இல் பிரெஞ்சு இதய மருத்துவர் தெரேஸ் புரோஸ், எடுத்துச் செல்லத்தக்க இதய மின்வரைவுக் கருவியோடு இந்தியா வந்தார். அவர் பதிவுசெய்தவர்களுள் ஒருவர் அப்போது மைசூரில் இருந்த டி. கிருஷ்ணமாச்சாரியார், பின்னாளில் சென்னையில் குடியேறி 1989இல் மறையும்வரை அங்கேயே கற்பித்தவர். மின்வரைவில் இதயத்தின் அலை ஏறக்குறைய மறைந்ததாக வந்த பதிவு, யோகி இதயத்தை நிறுத்துகிறார் என்ற செய்தியாக உலகைச் சுற்றியது. 1957இல் வெங்கரும் பாக்சியும் இந்தியா வந்து, புதுதில்லியின் ஆனந்தோடு சேர்ந்து மீண்டும் ஆராய்ந்தனர். 1961இல் வெளியான முடிவு தெளிவானது. நாடி தளர்கிறது, இதய ஒலி கேட்காமற் போகிறது. ஆனால் மின்துடிப்பு தொடர்கிறது. மூச்சைப் பிடித்து வயிற்றையும் மார்பையும் இறுக்குவதால் விளைவது அது. வேபர் தம் மேல் செய்துகொண்ட அதே சோதனை. ஏமாற்றம் அடைந்தோர் பலர். எனக்கோ ஏமாற்றமாகத் தோன்றவில்லை. நினைவு தப்பாமல், வேபரைப் போல் விழாமல், அந்த விளிம்பில் நிற்கத் தெரிந்திருந்தார்கள் அல்லவா? பல ஆண்டுப் பயிற்சி அங்கே தெரிகிறது.

மயக்கத்துக்கு இன்னொரு வாயிலும் உண்டு, மேலும் சூதானது. மூச்சு விடவேண்டும் என்ற தவிப்பைத் தூண்டுவது பிராணவாயுவின் குறைவு அன்று, கரியமில வாயுவின் மிகுதி என்பதை ஆக்ஸ்போர்டில் ஹால்டேனும் பிரீஸ்ட்லியும் 1905இல் நிறுவினர். வேகவேகமாக மூச்சுவிட்டால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடும். பிராணவாயு அதனால் பெரிதாகக் கூடுவதில்லை, ஏனெனில் இரத்தம் முன்பே ஏறத்தாழ நிறைந்திருக்கிறது. கரியமில வாயு குறைந்தால் மூளையின் நாளங்கள் சுருங்குகின்றன. மூளைக்குச் செல்லும் இரத்தம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவதைக் கெட்டியும் ஷ்மித்தும் 1940களில் அளந்து காட்டினர். விரல்நுனியும் உதடும் மரத்துப்போவதும், பார்வை குறுகுவதும், தலை மிதப்பதும் இதனாலேயே. இந்நிலையில் மூச்சை அடக்கினால் தவிப்பு எழ நேரமாகும். அது எழுவதற்கு முன்பே பிராணவாயு தீர்ந்துவிடக்கூடும். மூச்சு வாங்கி வாங்கி விட்டுவிட்டு நீருக்கடியில் நீந்தியவர்கள் எச்சரிக்கை ஏதுமின்றி நினைவிழந்ததை ஆல்பர்ட் கிரெய்க் 1961இல் விளக்கினார்.

இப்போது பிரதீபிகையின் பஸ்திரிகையைத் திரும்பப் பார்க்கலாம். துருத்திபோல் வேகமாக மூச்சுவிட்டுக் களைத்தபின், வலது நாசியால் இழுத்து, அடக்கி, இடது நாசியால் விடவேண்டும் என்பது அதன் முறை. முதலில் தவிப்பை அணைத்துவிட்டு அதன்பின் அடக்குவது. நூலின் மற்ற நிபந்தனைகளாகிய மிதமான உணவு, நிலைத்த ஆசனம், ஆசானின் அருகாமை, சிறிது சிறிதாக ஏற்றுதல் ஆகியவற்றை நீக்கிவிட்டு இந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் கிடைப்பது மயங்கி விழுவதற்கான செய்முறையே. மிகையாகச் சொல்லவில்லை. வேகமாக மூச்சுவிட்டு, பிறகு மார்பை இறுக்கி மயங்கி விழும் பள்ளிப்பிள்ளைகளின் விளையாட்டைப் பற்றி 1951இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் கட்டுரை வந்தது. 1994இல் ஜெர்மனியில் தாமஸ் லெம்பர்ட்டும் உடன் ஆய்வாளர்களும் அதே முறையால் ஆரோக்கியமான இளைஞர்களை மயங்கச் செய்து படம்பிடித்தனர். முழுமையாக நினைவிழந்த 42 பேரில் 38 பேருக்குக் கைகால் துடித்தது. பத்தில் ஆறு பேர் நிறங்களையும் ஒளியையும் கண்டதாக, ஒலிகளைக் கேட்டதாகச் சொன்னார்கள். மயக்கம் நீடித்தது சராசரியாகப் பன்னிரண்டே விநாடி.

நடுக்கம், ஒளி, நாதம். யோக நூல்களைப் படித்தவன் இந்தப் பட்டியலைப் பார்த்துச் சற்றுத் திகைக்கத்தான் செய்வான். யோகிகள் கண்டதெல்லாம் மூளைக்கு இரத்தம் குறைந்ததன் விளைவே என்று முடித்துவிட எனக்கு விருப்பமில்லை. ஆண்டுக்கணக்கான பயிற்சியைப் பன்னிரண்டு விநாடி மயக்கத்தோடு சமன்படுத்த முடியாது. ஆனால் புதிதாகத் தொடங்கியவன் மூன்றாம் நாளே ஒளியைக் கண்டதாகச் சொன்னால், அவனைத் தரையில் படுக்கவைத்துக் காலைச் சற்று உயர்த்துவதே நாம் செய்ய வேண்டியது.

1924இல் லோனாவ்லாவில் கைவல்யதாமத்தை நிறுவிய சுவாமி குவலயானந்தர் பிராணாயாமத்தைப் பரிசோதனைக் கூடத்துக்குள் கொண்டுவந்தார். வெளிமூச்சின் கரியமில வாயுவை அளந்தார். கிருஷ்ணமாச்சாரியாரின் மாணவரான பி.கே.எஸ். ஐயங்கார் 1966இல் வெளிவந்த நூலில் தந்த அளவுகோல் எல்லாவற்றிலும் எளியது. அடக்கியபின் வரும் வெளிமூச்சைக் கவனி; அதன் ஒழுங்கு குலைந்தால் அடக்கிய நேரம் மிகை, குறைத்துக்கொள். கடிகாரமும் மாத்திரையும் தேவையில்லை. வெளிமூச்சு பீறிட்டு வந்தால் முந்தைய கும்பகம் தவறு என்று பொருள்.

பதஞ்சலி ஆசனத்தை முன்னால் வைத்ததன் எளிய பயனும் இங்கே விளங்கும். தரையில் அமர்ந்திருப்பவன் மயங்கினாலும் விழுவதற்கு உயரம் இல்லை. நினைவு போனதும் மூச்சு தானே ஓடத் தொடங்கிவிடும். நின்றுகொண்டிருப்பவனுக்கு மண்டை உடையும். நீரில் இருப்பவனுக்கு அந்தத் தானே ஓடும் மூச்சே எமனாகும். ஆகவே ஆற்றிலோ குளத்திலோ குளியல் தொட்டியிலோ கும்பகம் கூடவே கூடாது. வேக மூச்சை அடக்கத்தோடு சேர்ப்பதைத் தொடக்க நிலையில் அறவே தவிர்க்க வேண்டும். முகம் சிவக்க மார்பை இறுக்கக் கூடாது. உதடு மரத்தாலோ, காது இரைந்தாலோ, பார்வையின் ஓரம் இருண்டாலோ உடனே விட்டுவிட்டு இயல்பாக மூச்சுவிட்டுப் படுத்துக்கொள்ள வேண்டும். சட்டென்று எழுந்து நிற்கலாகாது. இதயநோய், உயர் இரத்த அழுத்தம், வலிப்பு, கண் அழுத்தநோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் மூச்சை அடக்கவே வேண்டாம். மூச்சை மெல்ல இழுத்து, அதைவிட மெல்ல விடுவதற்கு இந்தத் தடைகள் அவ்வளவாக இல்லை. பெரும்பாலானோர்க்கு அதுவே போதும்.

இனி மூன்றாம் கூட்டத்தாரின் கேள்வி ஒன்று மிஞ்சுகிறது. மயக்கம் இல்லாமல், உண்மையாகவே மூச்சும் மனமும் ஒடுங்கி நின்றுவிட்டால் அது விடுதலைதானா? ரமண மகரிஷி 1927இல் எழுதிய உபதேச உந்தியாரில் ஒடுக்கத்தை இலயம், நாசம் என்று இரண்டாகப் பிரித்து, இலயித்த மனம் மீண்டும் எழும் என்கிறார். மூச்சடக்கம் அவருக்கு மனத்தை அடக்கும் துணை, அதற்குமேல் இல்லை. இதை விளக்க அவர் சொன்ன கதை ஒன்று உரையாடல் பதிவுகளில் உள்ளது. கங்கைக் கரையில் ஒரு யோகி தவத்திலிருந்து கண்விழித்து, தாகமாயிருக்கிறது, தண்ணீர் கொண்டுவா என்று சீடனை அனுப்பினார். அவன் திரும்புவதற்குள் மனம் ஒடுங்கிவிட்டது. சில நூறு ஆண்டுகள் சென்றன. சீடன் மாண்டான், கங்கை தடம் மாறிற்று, நாட்டின் ஆட்சிகள் வந்து போயின. யோகி கண் திறந்தார். அவர் கேட்ட முதல் சொல், எங்கே தண்ணீர் என்பதுதான்.